சட்டிக்காரன் குரல்

எங்கள் வின்கூம் ஊரில் ஓட்டுரிமையைக் குரல் என்றுதான் சொல்வோம். இவனுக்குக் குரல் உண்டு, அவனுக்குக் குரல் இல்லை என்று பேசினால் தொண்டையைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். குரல் இருப்பது சட்டியில். எவன் தன் வீட்டு அடுப்பில் தன் சட்டியை ஏற்றித் தானே பொங்கித் தின்கிறானோ, அவனுக்குப் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பக் குரல் உண்டு. அடுத்தவன் அடுப்பில் தின்கிறவனுக்குக் கிடையாது. சர்ச் வாசலில் தருமம் வாங்கித் தின்கிறவனுக்கும் கிடையாது. பெண்பிள்ளைக்கு, அவள் ஊருக்கே பொங்கிப் போட்டாலும், இல்லவே இல்லை.

நான் ஊருக்கே பொங்கிப் போடுகிறவள். பெயர் தாம்சின் பூக். சந்தைத் தெரு முனையில் இருக்கும் பீர்க்கடை என்னுடையது. பீர் காய்ச்சுவதும் நான், சூப்பு வைப்பதும் நான், குடித்துவிட்டு விழுகிறவர்களைத் தூக்கி வெளியே போடுவதும் நான்தான். வாசலில் நின்று ஒரு அதட்டல் போட்டால் ஆற்றுக்கு அக்கரையில் படுத்திருக்கும் குடிகாரன் எழுந்து உட்காருவான். அப்படிப்பட்ட எனக்குக் குரல் இல்லை. என் வீட்டில் குரல் உள்ளவன் ஜெத்ரோ.

ஜெத்ரோ என் கணவரின் தம்பி. கணவர் காய்ச்சலில் போனபோது, எனக்குத் துணையாக இருக்கிறேன் என்று சொல்லி ஒரு மூட்டையோடு வந்தான். அன்று அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. விறகு ஒடிக்கச் சொன்னால் முதுகுவலி. தண்ணீர் எடுக்கச் சொன்னால் முழங்கால்வலி. தட்டை வைத்தால் மட்டும் எல்லா வலியும் போய்விடும். அவன் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று யோசிப்பான்.

ஊருக்கு மேலே மேய்ச்சல் மேடு. அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். அதன் ஓரத்தில் ஆடுகூட ஏறாத ஒரு கல்காடு கிடந்தது. கணவர் போன வருஷமே நான் அதில் கடப்பாரையோடு இறங்கினேன். பகலில் கடை, விடிகாலையில் கல். எடுக்க எடுக்க கல். சில நாள் அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எடுத்த கல்லை எல்லாம் ஓரத்தில் குவித்து, ஆற்று வண்டலை முதுகில் சுமந்து போட்டு, கடைசியில் அதில் பார்லி விளையவைத்தேன். அந்த பார்லியில்தான் என் பீர். அது இல்லையென்றால் நான் துரை வீட்டுக் களஞ்சியத்தில் போய்க் கையேந்தி, அவர்கள் சொல்கிற விலைக்கு வாங்க வேண்டும். அப்படி வாங்கிப் பிழைத்த பீர்க்கடை எங்கள் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

பழைய ராஜா கப்பலேறி ஓடிப்போய், ஹாலந்திலிருந்து புதியவர் வந்து இறங்கியிருந்த குளிர்காலம் அது. புதுப் பாராளுமன்றம் கூடப்போகிறது என்றார்கள். எங்கள் ஊருக்குத் தார்ல்பி துரை நிற்கிறார் என்றார்கள். மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நிலம் எல்லாம் அவருடையது. எங்களில் பாதிப் பேருக்கு அதுவரை அவர் முதுகு மட்டும்தான் தெரியும், அதுவும் குதிரைமேல். அந்த மாதம் அவருக்கு எங்கள் பெயர் எல்லாம் தெரிந்துவிட்டது. செருப்புத் தைக்கிற நத்தானியலின் பல்வலியைக்கூட விசாரித்தார்.

சந்தை நாளில் என் கடைக்குள் வந்தார். கூடவே அவருடைய வக்கீல் கிரேல். துரை என்னுடைய காலி பீப்பாய் ஒன்றின்மேல் ஏறி நின்றார். லண்டன் காபிக்கடைகளில் புதிதாக ஏதோ கற்றுக்கொண்டு வந்திருந்தார். அது அவர் வயிற்றில் நிற்காமல் வெளியே வரத் துடித்தது.

"நண்பர்களே! கடவுள் இந்தப் பூமியைக் குடுத்தப்போ யாருக்குக் குடுத்தார்? ராஜாவுக்கா? எனக்கா? இல்லை! எல்லாருக்கும் பொதுவாக் குடுத்தார்!"

"அப்போ எங்க பங்கு எங்க துரை?" என்றார் நத்தானியல். எல்லாரும் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். அந்த மாதம் அவர் எதற்கும் சிரிப்பார்.

"சொல்றேன், சொல்றேன். உன் கை யாருது? உன்னோடது. அந்தக் கை செய்யற வேலை? அதுவும் உன்னோடது. பொதுவில கிடக்கிற ஒரு பொருள்ல நீ உன் உழைப்பைக் கலந்துட்டா, அந்தப் பொருளும் உன்னோடது. ராஜாவே வரட்டும், உன் சம்மதம் இல்லாம ஒரு பிடி மண்ணைத் தொட முடியாது. இதுதான் சுதந்திரம்! இதுக்காகத்தான் பழைய ராஜாவைத் துரத்தினோம்!"

துரத்தினோமாம். ராஜா ஓடின வாரம் இவர் வாசல் கதவை இரண்டு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தார். அது வேறு கதை. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: பீப்பாய்மேல் நின்று அவர் சொன்னது என் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. இத்தனை நாள் நான் மனசுக்குள் வைத்திருந்ததை, அதைச் சொல்லத் துளியும் தகுதியில்லாத ஒரு வாய் அழகாகச் சொல்லிவிட்டது.

நான் குவளையைக் கீழே வைத்தேன்.

"துரை, மேட்டோரம் அந்தக் கல்காட்டைத் திருத்தினது நான். அப்போ அது என்னோடதா?"

வக்கீல் கிரேல் தொண்டையைக் கனைத்தார். துரை ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் முழுக்கக் குரல்கள்.

"சந்தேகம் என்னம்மா இதுல? உழைச்சவங்களுக்குத்தான் சொந்தம்! நான் இருக்கிறவரைக்கும் ஒருத்தன் அதைத் தொட்டுடுவானா?"

கடை அதிர்ந்தது. நத்தானியல் மேசைமேல் ஏறி ஆடினார். அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் கிரேல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க அடுப்பு எப்பவும் எரியுது, ஆனா அதுக்கு ஒரு குரல் இல்லாமக் கிடக்குதேம்மா. வீணாப் போகுது பாருங்க. உங்க கொழுந்தன் இருக்காரே, சட்டி நாளன்னைக்கு அவரை சட்டிகிட்ட உட்கார வைங்க. துரை ஜெயிச்சா உங்க நிலத்துக்குத்தான் நல்லது."

"அவனா? அவனுக்கு அடுப்புல எந்தப் பக்கம் தீ எரியும்னே தெரியாதே."

"தெரிய வேண்டாம்மா. கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா போதும்."

சட்டி நாள் என்றால் எங்களுக்குத் திருவிழா. தேர்தலுக்கு முன்னால் குரல் உள்ளவர்கள் எல்லாரும் வாசலில் அடுப்பு மூட்டிச் சட்டியை ஏற்ற வேண்டும். இரண்டு தரப்பு வக்கீல்களும் தெருத்தெருவாக வந்து, மூடியைத் திறந்து, ஒரு கரண்டி ருசி பார்த்து, இந்தச் சட்டி இவனுடையதுதான் என்று உரக்கச் சொல்வார்கள். அதன் பிறகு அவன் சட்டிக்காரன்.

ஜெத்ரோவைக் கழுவி, என் கணவரின் கோட்டை மாட்டி, கடை வாசலில் உட்கார வைத்தேன். ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் போட்டு விடிகாலையிலிருந்து நான் கொதிக்கவைத்த சூப்பு. கரண்டியை அவன் கையில் கொடுத்தேன்.

"கிளறிடாத. கெடுத்துடுவ. சும்மா பிடிச்சுக்க" என்றேன்.

"எனக்குத் தெரியாதா அண்ணி? நான் என்ன குழந்தையா?"

கிரேல் வந்தார், ருசித்தார், கண்ணை மூடித் தலையாட்டினார். "ஜெத்ரோ பூக்! தன் அடுப்பு, தன் சட்டி! குரல் உண்டு!" ஊரே கேட்டது. ஜெத்ரோ எழுந்து ஊருக்குக் கும்பிடு போட்டான். தன் சட்டியாம். நான் அவன் பின்னால் எரிகிற விறகைத் தள்ளிக்கொண்டு நின்றேன், முகத்தில் கரியோடு. தேர்தல் நாளில் அவன் சந்தை மேடையில் ஏறி "தார்ல்பி துரை!" என்று கத்தினான். துரை ஜெயித்தார். எங்கள் கடையில் அன்று பார்லி பீர் ஆறாக ஓடியது. என் நிலம் தப்பித்தது என்று நானும் ஒரு குவளை குடித்தேன்.

கதிர் தலை சாய்க்கிற சமயத்தில், ஒரு நாள் விடிகாலையில் போய்ப் பார்த்தால் என் நிலத்தின் நடுவில் முளைக்குச்சி. கயிறு கட்டி அளந்துகொண்டிருந்தார்கள். என் கதிரை மிதித்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். நான் போட்ட சத்தத்தில் அவன் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினான். ஓடுவதற்கு முன்னால் ஒன்று சொன்னான்: "மேடு முழுக்க துரைக்கு வேலி போடறாங்கம்மா. சட்டிக்காரங்க எல்லாரும் சம்மதிச்சுட்டாங்க."

அப்படியே, மண் அப்பிய பாவாடையோடு, துரை வீட்டுக்குப் போனேன். வாசல் நிறையக் கூட்டம். துரை மகனுக்குப் பிறந்தநாளாம். தோட்டத்தில் மேசை போட்டு ஊர்ப் பெரிய மனிதர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். மேசையின் கடைக்கோடியில், இறகு வைத்த தொப்பி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, வாத்துத் தொடையைக் கடித்துக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் முதுகுவலிக்காரன், முழங்கால்வலிக்காரன்.

"துரை!" என்றேன். "என் சம்மதம் இல்லாம ஒரு பிடி மண்ணைத் தொட முடியாதுன்னீங்களே! என் பீப்பாய்மேல நின்னு சொன்னீங்களே!"

துரை கையைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. பாடம் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற வாத்தியார் மாதிரி பார்த்தார்.

"சொன்னேம்மா. இப்பவும் சொல்றேன். சம்மதம் இல்லாம யாரும் தொடலை. ஊர்ல ஒவ்வொரு அடுப்பா கேட்டோம். உங்க அடுப்பு சம்மதம் சொல்லிடுச்சு."

"என் அடுப்பா? நான் எப்போ சொன்னேன்?"

கிரேல் எழுந்தார். "சட்டி யாரோடதும்மா? ஊர் முன்னாடி நாம எல்லாரும் ருசி பார்த்தோமே. ஜெத்ரோவோட சட்டி, ஜெத்ரோவோட அடுப்பு. அவர் வீட்டுத் தலைவர். அவர் சம்மதிச்சார்."

நான் ஜெத்ரோவைப் பார்த்தேன். அவன் தொப்பியைப் பார்த்தேன். அது துரை வீட்டுக் குதிரைக்காரனுடைய பழைய தொப்பி.

"அண்ணி, அவங்க எல்லாரும் மரியாதையா கேட்டாங்க" என்றான், வாயில் வாத்தோடு. "மிஸ்டர் பூக்னு கூப்பிட்டாங்க."

"கல்லெடுத்தது யாருடா? வண்டல் சுமந்தது யாரு? துரை, உழைப்பைக் கலந்தவங்களுக்குத்தான் சொந்தம்னீங்களே! கலந்தது நான்! என் முதுகு!"

"சரிதாம்மா" என்றார் துரை. பெரிய மனசோடு தலையாட்டினார். "ஆனா உழைப்புன்னா என்னன்னு புரிஞ்சுக்கணும். என் வேலைக்காரன் புல் வெட்டறான். புல் யாரோடது? என்னோடது. என் குதிரை ஏர் இழுக்குது. விளைச்சல் யாரோடது? என்னோடது. ஒரு வீட்டுல யார் உழைச்சாலும் அது வீட்டுத் தலைவரோட உழைப்பு. இது நான் சொல்றது இல்லை, இயற்கையோட சட்டம்."

"அப்போ நான் ஜெத்ரோவோட குதிரையா?"

மேசை வெடித்துச் சிரித்தது. பாதிரியாருக்குப் புரை ஏறியது. துரையே சிரித்துவிட்டார். நல்ல பதில், நல்ல பதில் என்று பாராட்டினார். எனக்கு ஒரு தட்டு இறைச்சி வைக்கச் சொன்னார். அதை எடுத்து அவர் மடியில் கவிழ்க்கக் கை துடித்தது. கவிழ்த்தால் கடையையும் மூடிவிடுவார்கள் என்று தெரியும். திரும்பி நடந்தேன். அவர்கள் அநியாயம் செய்ததைவிட அதை இவ்வளவு நியாயமாகச் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பழைய ராஜாவின் ஆட்கள் வாளைக் காட்டிப் பிடுங்குவார்கள். அவர்களைத் திருடன் என்று திட்டவாவது முடியும். இவர்கள் என் சட்டியில் ருசி பார்த்துவிட்டு, என் சம்மதத்தோடு பிடுங்கினார்கள்.

கதிரை அவர்களே அறுத்தார்கள். நான் ஓரத்தில் குவித்து வைத்திருந்த கற்களை வைத்தே சுவர் எழுப்பினார்கள். என் கல், அவர் சுவர். சுவர் முடிகிற அன்று போய் மிச்சம் கிடந்த கற்களில் கொஞ்சத்தை இடுப்புத் துணியில் கட்டி எடுத்து வந்தேன். காவல்காரன் பார்த்தான். கல்தானே என்று விட்டுவிட்டான்.

அடுத்து வந்த குளிர்காலத்திலேயே பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். மறுபடியும் தேர்தல். இந்தத் தடவை பிரிஸ்டலிலிருந்து ஒரு சர்க்கரை வியாபாரி துரைக்கு எதிராக வந்து நின்றான். அவனும் சுதந்திரம் என்றான், அவனும் நத்தானியலின் பல்லை விசாரித்தான். போட்டி பலமாக இருந்தது. ஒவ்வொரு குரலுக்கும் இரண்டு பக்கமும் நாய் மாதிரி அலைந்தார்கள்.

ஜெத்ரோ தொப்பியைத் துலக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணி, சட்டி நாளுக்கு என்ன சூப்பு? போன தடவை மாதிரி ஆட்டிறைச்சி போடுங்க."

"போடறேன்" என்றேன். "நீ உட்காரு ராஜா. நான் எல்லாம் பார்த்துக்கறேன்."

எனக்குக் குரல் இல்லை. நிலம் போனது போனதுதான், அதுவும் தெரியும். ஆனால் என் சட்டி காலி என்றால் அவனுக்கும் குரல் இல்லை. கடை மிச்சம் இருக்கிறவரை, என் அடுப்பில் ஏறி நின்று என் கடைச் சுவரையே விற்க இன்னொரு தடவை விடக்கூடாது. என் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

சட்டி நாளில் வாசலில் அடுப்பு மூட்டினேன். தண்ணீர் ஊற்றினேன். இடுப்புத் துணியில் கட்டி வந்த கற்களைக் கழுவி உள்ளே போட்டேன். மூடினேன். கரண்டியை ஜெத்ரோ கையில் கொடுத்தேன். அவன் மூடியைத் திறந்து பார்க்கவே இல்லை. எதற்குப் பார்க்கிறான்? என்றைக்குப் பார்த்தான்?

வக்கீல் கிரேலும் சர்க்கரை வியாபாரியின் வக்கீலும் ஒன்றாக வந்தார்கள். பின்னால் துரை, பாதிரியார், பாதி ஊர். கிரேல் மூடியைத் திறந்தார். ஆவி அடங்கியதும் உள்ளே பார்த்தார்.

அப்படியே நின்றார். சர்க்கரைக்காரனின் ஆளும் எட்டிப் பார்த்தான். ஜெத்ரோவும் எட்டிப் பார்த்தான்; அவன் வாய் மெல்லத் திறந்தது. துரை பார்த்தார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நத்தானியல்கூட எட்டிப் பார்த்துவிட்டு, தன் சட்டியில் என்ன கிடக்கிறதோ, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிரேல் கரண்டியை வாங்கினார். ஒரு கரண்டி வெந்நீரை மொண்டார். ஊதினார். குடித்தார்.

"உப்பு கொஞ்சம் குறைச்சல்" என்றார்.

சர்க்கரைக்காரனின் ஆளும் ஒரு வாய் குடித்தான். அடுத்த தெருவில் அவன் பக்கத்துச் சட்டிகள் என்ன லட்சணத்தில் இருந்தனவோ, அவனும் தலையாட்டினான். "நல்ல சூப்பு."

"அது கல்லுய்யா!" என்று கத்தினேன். ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். "கல்லும் தண்ணியும்யா! கண்ணில்லையா உங்களுக்கு? கல்லு!"

கிரேல் என் பக்கம் திரும்பினார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அம்மா, சட்டியைப் பத்தி இங்க குரல் உள்ளவங்க மட்டும்தான் பேசலாம். மிஸ்டர் பூக், நீங்க சொல்லுங்க. சட்டியில என்ன?"

ஜெத்ரோ என்னைப் பார்த்தான். துரையைப் பார்த்தான். தலைமேல் இருந்த தொப்பியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"சூப்பு" என்றான்.

"ஜெத்ரோ பூக்! தன் அடுப்பு, தன் சட்டி! குரல் உண்டு!"

கூட்டம் அடுத்த வாசலுக்கு நகர்ந்தது. துரை போகிறபோது என்னைப் பார்த்துத் தலைதாழ்த்தி வணக்கம் சொன்னார்.

சாயங்காலம் ஜெத்ரோ பசியோடு வந்தான். யார் யாரோ முதுகில் தட்டிக்கொடுத்திருந்தார்கள், யாரும் சாப்பாடு போட்டிருக்கவில்லை. மேசையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக் கொண்டு வந்து, அவன் கிண்ணத்தில் ஒரு கரண்டி விட்டேன். கல் விழுந்த சத்தத்தில் அவன் நிமிர்ந்தான்.

"அண்ணி, இது கல்லு."

"இதைக் காலைல ஊர் முன்னாடி சொல்லியிருக்கணும்" என்றேன். "இப்போ அது சூப்பு. உன் சூப்பு. தின்னு."

அவன் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் எதிரில் உட்கார்ந்து என் ரொட்டியைப் பிட்டுத் தின்ன ஆரம்பித்தேன்.